பொதிக்குதிரைகளுக்குப் பின்னணி இசை

நாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போன இடத்தில்தான் எனக்கு இசைக் கூட்டாளி கிடைத்தார். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கம்ப்யூட்டர் டீச்சர். சொந்த ஊர் பழனி. வேலை கிடைத்து மலையேறி வந்து, செண்பகனூரில் தகரக்கூரை போட்ட இரண்டு அறை வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தேன். ஒருநாள் காலையில் பால் வாங்கப் போகும்போது தெருநாய் ஒன்று கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. ஐந்து ஊசி என்றார்கள்.

ஊசி போட்ட நர்ஸ் என்னைவிட எட்டு வயது மூத்தவர். மருந்தை ஏற்றும்போது வாய்க்குள்ளேயே ஏதோ பாடிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததும் எனக்கு வலி மறந்துபோனது. பாட்டு மாதிரியும் இருந்தது, பாட்டு இல்லாத மாதிரியும் இருந்தது. எங்கே போகப்போகிறது என்று நான் நினைத்தேனோ அங்கே போகாமல், ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"என்ன பாட்டு சிஸ்டர் அது?" என்று கேட்டேன்.

"பாட்டா? இது பாட்டில்ல டீச்சர். பாட்டுக்குக் கீழ போற வரி. சர்ச் கொயர்ல நான் ஆல்டோ. எல்லாரும் ராகத்தப் பாடுவாங்க, நாங்க நாலு பேரு அதுக்கு அடியில பாடுவோம். பத்தொம்பது வருசமா அடிவரிதான் பாடுறேன். இப்ப எனக்கு மேல உள்ள பாட்டே மறந்துபோச்சு!" என்று சிரித்தார்.

வீட்டில் ஒரு கீபோர்டும், லேப்டாப்பில் பாட்டுப் பதிவு செய்யும் சாஃப்ட்வேரும் வைத்துக்கொண்டு நான் தனியாக விளையாடிக்கொண்டிருந்த காலம் அது. இரண்டாவது ஊசியின்போது அதைச் சொன்னேன். மூன்றாவது ஊசிக்கு அவர் தன் வயலினைப் பற்றிச் சொன்னார். ஐந்தாவது ஊசிக்கு நான் போகும்போது காலில் தழும்பு மட்டும்தான் இருந்தது. அன்று சாயங்காலமே வயலின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து நான் அவருக்கு டீச்சர், அவர் எனக்கு சிஸ்டர்.

முதலில் சின்னச் சின்ன வேலைகள்தான். யாரோ ஒரு தங்கும் விடுதிக்காரருக்கு நாற்பது விநாடி இசை. ஒரு கல்யாண வீடியோவில் பெண் மணவறைக்கு நடந்துவரும் இடத்துக்கு ஒன்று. ஒரு தோட்டக்காரர் தன் பட்டர் ஃப்ரூட் மரங்களைப் படம் எடுத்து அனுப்பி, "இதுக்கு ஏத்த மாதிரி மியூசிக் வேணும்" என்றார். மரம் சும்மா நின்றுகொண்டிருந்தது. அதற்கு எது ஏற்ற இசை என்று நாங்கள் இருவரும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

இப்படி இரண்டு வருடம் போன பிறகுதான் அந்த போன் வந்தது.

பேசியவர் மதுரைப் பக்கத்து இளைஞர். ஆவணப்படம் எடுப்பவர். எங்கள் மலைச்சரிவில் ரோடு போகாத ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே விளையும் மலைவாழையையும் காப்பியையும் குதிரைகளின் முதுகில் ஏற்றித்தான் ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வேலையைச் செய்கிற ஒரு பெண்ணைப் பற்றி இருபத்திநான்கு நிமிடப் படம் எடுத்திருந்தார். ஐந்து குதிரைகள் வைத்திருக்கும் பெண். படம் முழுக்க அவரும் குதிரைகளும்தான்.

"அக்கா, மியூசிக் நீங்கதான் பண்ணணும். மழை புடிக்கிறதுக்குள்ள அந்த ஊர்லயே மொதல்ல போட்டுக் காட்டுறதா வாக்குக் குடுத்துருக்கேன். மழை வந்துட்டா அந்தப் பாதையில நம்ம காலு நிக்காது. உங்களுக்கு மூணு வாரம் டைம் இருக்கு" என்றார்.

நான் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர், கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் ஆட்டி, "சரின்னு சொல்லுங்க, சரின்னு சொல்லுங்க" என்று வாயசைத்தார். இருபத்திநான்கு நிமிடம்! அதுவரை நாங்கள் செய்த மிக நீளமான இசை நான்கு நிமிடம்.

மறுநாளே படம் வந்துவிட்டது. இசை இல்லாத படம். தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, லேப்டாப்பை ஸ்டூலில் வைத்துப் பார்த்தோம். சிஸ்டர் மடியில் ஒரு நோட்டு. எந்த நிமிடத்தில் இசை ஆரம்பிக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று குறித்துக்கொள்வதற்கு. எனக்கோ முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை இசை போட வேண்டும் என்ற வெறி. குதிரைகள் மூடுபனிக்குள் இருந்து ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும் காட்சியைப் பார்த்ததும் என் விரல்கள் தாமாகத் தரையில் தட்ட ஆரம்பித்துவிட்டன.

"இங்க வயலின். இங்க பெரிசா எழும்பணும். இந்த ஏத்தத்துல தாளம்" என்று நான் சொல்லிக்கொண்டே போனேன்.

சிஸ்டர் எழுதவே இல்லை. "டீச்சர், ஏத்தத்துல ஒண்ணும் வேணாம். அந்தம்மா மூச்சு வாங்குறது கேக்கணும். நாம மூடிரக் கூடாது" என்றார்.

நாங்கள் முதலில் தடுக்கி விழுந்த இடம் தாளம். சாஃப்ட்வேரில் வேகத்தை ஒரு எண்ணாகக் கொடுத்துவிட்டால் கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று ஒரே சீராக ஒலிக்கும். அதைக் காதில் போட்டுக்கொண்டுதான் வாசிப்போம். ஆனால் பொதி சுமக்கும் குதிரைக்கு ஒரே வேகம் கிடையாது. ஏற்றத்தில் தயங்கும், வளைவில் நிற்கும், இறக்கத்தில் கால் சறுக்கி இரண்டு எட்டு வேகமாக வைக்கும். எந்த எண்ணைக் கொடுத்தாலும் மூன்றாவது அடியில் இசையும் குதிரையும் பிரிந்துவிட்டன. நான்கு நாள் முட்டி மோதிப் பார்த்தேன். கடைசியில் சிஸ்டர் சொன்னார்: "இங்கன உக்காந்து எண்ணிக்கிட்டு இருந்தா ஆகாது. போயி குதிர பின்னாடி நடப்போம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே கிளம்பினோம். சிஸ்டர் காலை ஜெபத்துக்குப் போகாமல் விட்டதை நான் பார்த்த முதல் ஞாயிறு அது. சிஸ்டரின் கணவர் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். பாதை ஆரம்பிக்கும் இடம் வரை எங்களைக் கொண்டுவிட்டார். அங்கே அந்தக் குதிரைக்காரம்மா காலிக் கோணிகளைச் சேணத்தில் கட்டிக்கொண்டிருந்தார். படத்தில் பார்த்ததைவிட உயரம் குறைவு, சத்தம் அதிகம்.

"நீங்கதான் பாட்டுப் போடுற பொம்பளைங்களா?" என்றார்.

"பாட்டு இல்லக்கா, மியூசிக் மட்டும்" என்றேன்.

"பாட்டு இல்லாம எதுக்கு மியூசிக்கு? சரி, பின்னாடி வாங்க. கொஞ்சம் தள்ளி வாங்க, ஒதச்சுரும்."

இரண்டரை மணி நேரம் இறங்கினோம். நான் கையில் பதிவுக் கருவியைப் பிடித்துக்கொண்டு, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு குதிரைகளின் பின்னாலேயே ஓடினேன். வேர்கள் படிக்கட்டு மாதிரி இருந்த இடத்தில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தேன். ஆனால் கேட்டுவிட்டேன்! ஹெட்ஃபோனில் கேட்கும்போதுதான் புரிந்தது, அது ஐந்து குதிரைகளின் ஐந்து தாளம் இல்லை. முன்னால் போகும் குதிரையின் கழுத்தில் மட்டும் ஒரு பித்தளை மணி. அது அசையும்போது மற்ற நான்கும் காலை வைக்கின்றன. அது நின்றால் அவையும் நிற்கின்றன. வேகம் மாறிக்கொண்டே இருந்தாலும் மணிக்கும் குளம்புக்கும் இடையே உள்ள இடைவெளி மாறவே இல்லை.

"சிஸ்டர்! கடிகாரம் வேணாம்! மணிதான் கடிகாரம்!" என்று நான் கத்தியதில் கடைசிக் குதிரை திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் மணிச் சத்தத்தைக் கீபோர்டில் வைத்துத் தேடினேன். நாலு கட்டையில் இல்லை. நாலரைக் கட்டையிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், எந்தக் கட்டையிலும் உட்காராமல் அது பாட்டுக்கு இருந்தது. மணியின் சுருதியை சாஃப்ட்வேரில் இழுத்துச் சரிசெய்வது ஒரு நிமிட வேலை. செய்துபார்த்தேன். செத்துவிட்டது. பிளாஸ்டிக் மணி மாதிரி கேட்டது.

சிஸ்டர் வயலினை எடுத்துக் கன்னத்தில் வைத்தார். "மணி நம்மகிட்ட வராது டீச்சர். நாம போவோம்" என்று சொல்லி, தந்தியை முறுக்கும் பிருடையைத் துளித்துளியாகத் திருகினார். நான்கு தந்திகளும் மணிக்கு வந்து சேர்ந்தன. நான் கீபோர்டின் மொத்தச் சுருதியையும் கால் கட்டை அளவு தூக்கினேன். பிறகு மணியை ஓடவிட்டு, இருவரும் ஒரே ஒரு சுரத்தைச் சேர்த்து வாசித்தோம். வயலினும் மணியும் ஒன்றாகும் அந்த நொடியில் அறையில் இருந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று அலமாரியில் ரீங்கரித்தது. சிஸ்டர் வில்லை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குக் கையெல்லாம் புல்லரித்திருந்தது. அந்த ஒரு வாரத்தில் இருபத்திநான்கு நிமிடத்துக்கும் வேண்டிய இசையை எழுதி முடித்துவிட்டோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எக்ஸெல் சொல்லிக்கொடுக்கும்போதுகூட என் கால் மேசைக்கு அடியில் குதிரை நடை போட்டுக்கொண்டிருந்தது.

எழுதுவது வேறு, பதிவு செய்வது வேறு. என் வீட்டுக்குத் தகரக்கூரை. கொடைக்கானலில் தகரத்தில் ஏதாவது ஒன்று விழுந்துகொண்டே இருக்கும். மழை இல்லையென்றால் யூகலிப்டஸ் காய், காய் இல்லையென்றால் குரங்கு. வயலின் மாதிரி மெல்லிய வாத்தியத்தை அங்கே பதிவு செய்ய வழியே இல்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் எதிரொலி. மருத்துவமனையில் சிஸ்டர் ஒரு சாமான் அறையைப் பார்த்துவைத்தார், பக்கத்திலேயே ஜெனரேட்டர்.

வழி காட்டியவர் சிஸ்டரின் கணவர். "என் வண்டியில கண்ணாடிய ஏத்திட்டா வெளிய ஆன ஓடுனாக்கூடக் கேக்காது" என்றார். அதற்கு முன் எங்கள் இசையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நடுவில் இருந்த இரண்டு சீட்டைக் கழற்றிப்போட்டார். ஜன்னல்களுக்கெல்லாம் கம்பளி கட்டினோம். பைன் மரங்களுக்கு நடுவே, வண்டிகள் வராத ஒரு பழைய பாதையில் நிறுத்தினார். உள்ளே கைதட்டிப் பார்த்தேன். சத்தம் பஞ்சில் விழுந்த மாதிரி அப்படியே அடங்கியது. அருமையான அறை!

ஒரே சிக்கல், வில். நின்று வாசித்தால் தலை இடித்தது. சீட்டில் உட்கார்ந்தால் வில்லின் நுனி கூரையில் உரசியது. கடைசியில் சிஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு வேனின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் பின் சீட்டில் லேப்டாப்போடு ஒடுங்கிக்கொண்டேன். மைக் இருவருக்கும் நடுவில். அவர் கணவர் வெளியே ஒரு கல்லின்மேல் பிளாஸ்க்கோடு காவலுக்கு உட்கார்ந்தார்.

மூன்றாவது துண்டை வாசித்துக்கொண்டிருக்கும்போது வேன் லேசாக ஆடியது. சிஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை. மறுபடியும் ஆடியது. இந்தத் தடவை நன்றாகவே. ஹெட்ஃபோனில் வயலினுக்கு அடியில் 'ஹ்ஹ்ர்ர்ர்' என்று ஒரு பெருமூச்சு. நான் கம்பளியை ஒரு விரல் அளவு விலக்கிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கறுப்பாக ஒரு சுவர் நின்றது. காட்டுமாடு. கொடைக்கானலில் அது ரோட்டிலேயே நடமாடுவதுதான், புதிது இல்லை. ஆனால் இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. எங்கள் வேனில் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது.

"சிஸ்டர்" என்றேன் மூச்சுக்குள்.

"வாசிக்கிறப்ப பேசாதீங்க டீச்சர்."

"காட்டுமாடு சிஸ்டர்."

வில் அப்படியே நின்றது. இருவரும் அசையாமல் இருந்தோம். அவர் கணவரைத் தேடினேன். கல் காலியாக இருந்தது, பிளாஸ்க் மட்டும் இருந்தது. அவர் எப்போதோ ஒரு மேட்டின்மேல் ஏறி நின்று, வாயைத் திறக்காமல் இரண்டு கையாலும் எங்களுக்கு 'அசையாதீங்க, அசையாதீங்க' என்று சைகை செய்துகொண்டிருந்தார். காட்டுமாடு நிதானமாக ஒரு பக்கம் சொறிந்து, திரும்பி மறுபக்கமும் சொறிந்து, திருப்தியாக ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சரிவில் இறங்கிப் போனது.

சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "இன்னைக்குப் போதும், போயிருவோமா?" என்று கேட்டேன். "போறதா? வெரசா ரெக்கார்டு போடுங்க!" என்றார். அந்தப் பயத்தோடு அவர் வாசித்தது எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. ஒரே மூச்சில் ஆறு நிமிடம். ஒரு தப்பும் இல்லை. முடித்ததும் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், வெறுங்காலோடு பைன் சருகில் நின்றுகொண்டு, தண்ணீர் கேட்டார்.

இனி எல்லாவற்றையும் சேர்த்துக் கலக்கும் வேலை. அதில்தான் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டோம். படத்தில் பதினான்காவது நிமிடத்தில் குதிரைக்காரம்மா ஒரு விஷயம் சொல்வார். மழைநாளில் தன் மருமகளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது, அவளை முன்குதிரையின் மேல் உட்காரவைத்து ரோடு வரைக்கும் ஏற்றிக்கொண்டு வந்த கதை. அந்த இடத்துக்காக சிஸ்டர் வாசித்திருந்ததுதான் எங்கள் இசையிலேயே உயர்ந்தது. நான் அதைத் தினமும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். படக்காரத் தம்பிக்கு அனுப்பினோம். சாயங்காலம் போன் வந்தது.

"அக்கா, எல்லாமே சூப்பர். பதினாலாவது நிமிசம் வயலின் ரொம்ப நல்லாருக்கு. அதான் பிரச்சனை."

"நல்லாருக்கறது எப்படித் தம்பி பிரச்சனை?" என்றேன்.

"அந்தம்மா என்ன சொல்றாங்கன்னு நான் கேக்கவே இல்லக்கா. வயலினத்தான் கேட்டேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சத்தத்தைக் குறைக்கிறேன், ஆனால் எடுக்க மாட்டேன் என்று சொல்லி போனை வைத்தேன். அவ்வளவு பயத்துக்கு நடுவில், வேனின் தரையில் உட்கார்ந்து வாசித்தது அது. அதைத் தூக்கிப்போடச் சொல்ல இவர் யார் என்று சிஸ்டரிடம் பொரிந்து தள்ளினேன். மறுநாள் சிஸ்டர் மருத்துவமனையில் சாப்பாட்டு நேரத்தில் போனிலேயே அந்த இடத்தைப் போட்டுக் கேட்டிருக்கிறார். மத்தியானம் மெசேஜ் வந்தது: 'எடுத்துருங்க.'

சாயங்காலம் வந்தவரிடம், "உங்க வாசிப்புக்காகத்தான் சிஸ்டர் நான் சண்டை போட்டேன்" என்றேன்.

"தெரியும் டீச்சர். ஆனா நான் பிரசவம் பாத்துருக்கேன். வலியில இருக்குறவ பக்கத்துல நின்னு நாம கத்தக் கூடாது. கையப் புடிச்சுக்கணும், அம்புட்டுத்தான்."

எடுத்தேன். கதை முழுக்க வெறும் குதிரைக்காரம்மாவின் குரலும் மழையும். கடைசியாக அவர், "ரோட்டுக்கு வந்தப்ப எனக்குச் செருப்பு இல்ல, எப்ப போச்சுன்னு தெரியல" என்று சொல்லி நிறுத்துகிற இடத்தில் மட்டும், மணியின் சுருதியில் ஒரே ஒரு நீண்ட சுரத்தை சிஸ்டர் மறுபடி வேனில் உட்கார்ந்து வாசித்தார். மிக மெல்ல. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தோம். என் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன். உட்கார முடியவில்லை.

எல்லாத் துண்டுகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, எந்த ஸ்பீக்கர் பெட்டியில் போட்டாலும் கெடாதபடி செய்கிற கடைசி வேலைக்கு மாஸ்டரிங் என்று பெயர். பெரிய ஊர்களில் அதற்கென்று அறையும் ஆளும் இருப்பார்கள். எங்களுக்கு ஊரே அறை. முதலில் போனில் கேட்டோம். பிறகு செண்பகனூர் டீக்கடை டிவியில் பென்டிரைவைச் சொருகிக் கேட்டோம். டீக்கடைக்காரர் பால் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார், குதிரைக்காரம்மா அவருக்குத் தெரிந்தவராம். பிறகு டவுன் பஸ். டிரைவர் சிஸ்டரிடம் ஒருமுறை காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டவர். சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டு எங்கள் பென்டிரைவைப் போட்டார்.

நாங்கள் பின்சீட்டில் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தோம். இரண்டு வளைவு தாண்டியதும் கண்டக்டர் கேட்டார்: "என்னண்ணே, பாட்டே வரல? வெறும் மியூசிக்கா ஓடிக்கிட்டு கெடக்கு?"

"வரும் வரும், உக்காரு" என்றார் டிரைவர்.

பஸ் கொடைக்கானல் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேரும்வரை பாட்டு வரவில்லை. ஆனால் எங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கீழ்ச்சுரம் வரும்போதெல்லாம் பஸ்ஸின் தகரம் கடகடவென்று அடித்துக்கொண்டது. அங்கே அடித்தால் கிராமத்தில் படம் போடப்போகும் திருவிழா ஸ்பீக்கரிலும் அடிக்கும். அந்தக் கீழ்ச்சத்தத்தைக் கொஞ்சம் சீவினேன். மறுபடி பஸ்ஸில் ஏறினோம். இந்தத் தடவை தகரம் பேசாமல் வந்தது. ஸ்டாண்டில் இறங்கியதும் சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குதி குதித்தார். இத்தனை வருட நர்ஸ், யூனிபார்மோடு.

சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கிராமத்தில் படம். திருவிழாவுக்கு வாடகைக்கு விடும் ஸ்பீக்கர் பெட்டிகளை அந்த ஐந்து குதிரைகளேதான் மத்தியானம் சுமந்துகொண்டு இறங்கின. ஊர்ப்பள்ளியின் சுவரில் திரைக்குப் பதிலாக வேட்டியைக் கட்டினார்கள். வெளிச்சம் மங்குவதற்குள்ளேயே மொத்த ஊரும் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டது. முன்வரிசையில் குதிரைக்காரம்மா, பக்கத்தில் மருமகள், அவள் மடியில் நான்கு வயதுக் குழந்தை. சேணம் கழற்றிய குதிரைகள் பள்ளிக்குப் பின்னால் புல் மேய்ந்துகொண்டிருந்தன. நான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றேன்.

படம் ஆரம்பித்தது. மூடுபனி. மணி. பெரிய பெட்டியில் முதல்முறையாக எங்கள் மணியைக் கேட்கிறோம். மலைச்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. குளம்பு. அதன்மேல் வயலின். நான் சிஸ்டரைப் பார்க்கத் திரும்பினேன். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்குப் பின்னாலிருந்து குதிரைகள் வந்துகொண்டிருந்தன. நான்கு. ஒன்றன்பின் ஒன்றாக, தலையைத் தாழ்த்தி, இசையின் தாளத்துக்குச் சரியாகக் கால் வைத்து, கூட்டத்தின் ஓரமாக நடந்து, மேலே ரோட்டுக்குப் போகும் பாதையில் ஏறத் தொடங்கின. முன்குதிரை மட்டும் அங்கேயே நின்று, 'என் மணி என் கழுத்தில்தானே இருக்கிறது' என்பது போல முழித்தது.

"ஏலே! ஏலே! நில்லுங்கடி!" என்று குதிரைக்காரம்மா எழுந்து ஓடினார். இளவட்டங்கள் பின்னாலேயே ஓடினார்கள். நாய்கள் குரைத்தன. படக்காரத் தம்பிக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை, படத்தை நிறுத்தத் தோன்றாமல் நின்றார். ஸ்பீக்கரில் மணி ஒலிக்க ஒலிக்கக் குதிரைகள் வேகமாக ஏறிக்கொண்டே இருந்தன. "நிறுத்துங்க! அந்த மணிய நிறுத்துங்க!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. நான் பாய்ந்துபோய் லேப்டாப்பைத் தட்டி நிறுத்தினேன். மணி நின்றது. பாதையில் நான்கு குதிரைகளும் அப்படியப்படியே நின்றன.

ஊரே சிரித்தது. சிஸ்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் இசைக்கு நான்கு குதிரைகள் மலையேறியிருக்கின்றன!

குதிரைக்காரம்மா மூச்சிரைக்கத் திரும்பி வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"எம்புட்டு வருசமா இதுகளப் பழக்கிருக்கேன். முன்னாடி போறவ மணி கேட்டா நடக்கணும், நின்னா நிக்கணும். நான் இல்லாம யாரு கூப்புட்டாலும் ஒரு எட்டு வைக்காதுங்க. நீங்க பொட்டிக்குள்ள இருந்துகிட்டு ஓட்டிட்டுப் போறீங்களே!" என்று சொல்லிவிட்டு அவரும் சிரிக்க ஆரம்பித்தார்.

குதிரைகளை நன்றாகக் கட்டிப்போட்டுவிட்டுப் படத்தை முதலிலிருந்து போட்டோம். இந்தத் தடவை யாரும் அசையவில்லை. பதினான்காவது நிமிடம் வந்தது. குரலும் மழையும் மட்டும். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். குழந்தை, "அது நம்ம அப்பத்தா" என்று சத்தமாகச் சொன்னது, யாரோ "உஸ்" என்றார்கள். செருப்புப் போனதைச் சொன்னதும் அந்த ஒற்றைச் சுரம் வந்தது. வந்தது என்று எனக்கும் சிஸ்டருக்கும் மட்டும்தான் தெரியும். முன்வரிசையில் குதிரைக்காரம்மா, பக்கத்தில் பார்க்காமலேயே கையை நீட்டி மருமகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சுரம் அடங்கும்வரை பிடித்திருந்தார்.

படம் முடிந்ததும் யாரும் எங்களிடம் இசையைப் பற்றிப் பேசவில்லை. சோறு போட்டார்கள். குதிரைகள் ஏறிய கதையை ஆளுக்கொரு விதமாகத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மருமகள் மட்டும் சாப்பாடு பரிமாறும்போது சிஸ்டரிடம், "அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீங்க இருந்தீங்களாக்கா?" என்று கேட்டாள். "அன்னைக்கு எனக்கு லீவு" என்றார் சிஸ்டர். பிறகு அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தன் தட்டிலிருந்து அதற்கு ஊட்டிவிட்டார்.

அங்கேயே தங்கிவிட்டு, மறுநாள் விடிந்ததும் வாழைத்தார் ஏற்றிய குதிரைகளின் பின்னால் ஏறினோம். பாதி வழியில் படக்காரத் தம்பியின் போனுக்குச் சிக்னல் வந்து, யாரோ ஒருவர் தன் படத்துக்கும் எங்களைக் கேட்டிருப்பதாகச் சொன்னார். பாலசமுத்திரம் பக்கத்துக் கொய்யாத் தோட்டங்களைப் பற்றிய படமாம். "மறுபடி மரமா!" என்று நானும் சிஸ்டரும் ஒரே நேரத்தில் கத்தினோம். குதிரைக்காரம்மா திரும்பிப் பார்த்து, "சத்தம் போடாம வாங்க, இதுகளுக்குக் காது கூரு" என்று அதட்டினார்.

மேலே ரோட்டில் வேன் நின்றுகொண்டிருந்தது. சிஸ்டரின் கணவர் கதவில் சாய்ந்து நின்றார். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். நான் குதிரைகளிலிருந்து ஆரம்பித்தேன். சிஸ்டர் மருமகளிலிருந்து ஆரம்பித்தார். ஒருவர் நிறுத்தாமல் இன்னொருவரும் நிறுத்தாமல் செண்பகனூர் வந்துசேரும்வரை பேசிக்கொண்டே வந்தோம். அவர் கண்ணாடி வழியாக எங்களை மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் நான் இறங்கும்போதுதான் கேட்டார்:

"எல்லாஞ் சரி டீச்சர். படம் ஓடுச்சா, ஓடலையா?"